கடைசி நான்கு வரிகள்

கல்முனைக்குடி
14.01.1980

அன்புத் தம்பி பக்கீர் முகைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் ஜெமீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் நெஞ்சு எப்படி? இங்கே மார்கழி மழைக்கே உனக்கு இழுக்கும். லீட்ஸில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

சூறாவளி அடித்து ஒரு வருடம் கழிந்துவிட்டது. நம் தெருவில் தென்னை என்று சொல்ல மூன்றுதான் நிற்கிறது. ஆனாலும் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. மாவடிப்பள்ளி வட்டையில் வெள்ளாமை கதிர் தள்ளி நிற்கிறது. அடுத்த மாதம் வெட்டு.

ஒரு நல்ல செய்தி. உன் மருமகள் ஜெமீலாவுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். நம் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்களில் ஒருவரான மீராமுகைதீனின் மகன் காலிதீன். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டு, தானே துணி கேட்டுத் துடைத்தார். ஜெமீலா உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. மாப்பிள்ளை நம் வீட்டில்தானே வந்து இருக்கப்போகிறார், அதனால் மச்சான் கிணற்றுப் பக்கம் ஒரு அறை கட்டுகிறார்.

சந்தைக்குப் போனால் "ஒங்கட தம்பி டாக்குத்தருக்கா படிக்கிறார்?" என்று கேட்கிறார்கள். மெய்யியல் என்றேன். "மெய் எண்டா உடம்புதானே, அப்ப டாக்குத்தர்தான்" என்கிறார்கள். நீ என்னதான் படிக்கிறாய்? எனக்கு விளங்கும்படி எழுது. எட்டாம் வகுப்போடு நிறுத்தினாலும் உன் கூடப்பிறந்த ராத்தாவுக்கு மூளை நின்றுவிடவில்லை.

உனக்காகக் கையேந்தும்
ராத்தா ஸைனம்பு


லீட்ஸ்
03.02.1980

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் பத்தொன்பது நாளில் வந்தது. நெஞ்சு பரவாயில்லை. ஹலால் இறைச்சி வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் முட்டையும் மீனுமாகக் காலம் போகிறது. மச்சானுக்கு என் ஸலாம். ஜெமீலாவின் செய்தி படித்துவிட்டு அறைக்குள் தனியாகச் சிரித்தேன். கோப்பையைத் தட்டிவிட்டுத் தானே துடைக்கிறவனை நம்பிப் பெண் கொடுக்கலாம்.

என் படிப்பைக் கேட்டீர்கள். கண்டிப் பல்கலைக்கழகத்தில் நான் படிப்பிப்பதும், அவர்கள் தந்த லீவில் இங்கிலாந்துக்கு வந்து ஆய்வு செய்வதும் இதைத்தான். ஒரு நெல்லைக் கையில் எடுத்து மச்சான் "நல்ல விதை" என்கிறார். எதனால் நல்லது? முளைக்கும், வேர் பிடிக்கும், கதிர் தள்ளும். அந்த நன்மை வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, நெல்லின் இயல்பிலேயே இருக்கிறது. மனிதனை "நல்லவன்" என்று சொல்லும்போதும் அதே மாதிரிச் சொல்கிறோமா? மனிதனின் இயல்பைப் பார்த்தே நன்மை தீமையை அறிந்துகொள்ள முடியுமா, அல்லது அதற்கு வேறு ஏதாவது வேண்டுமா? ஒழுக்கவியலில் இதை இயற்கைவாதம் என்பார்கள். அந்தக் கட்சிதான் என் கட்சி. நான் அதை நிறுவப் பார்க்கிறேன். எனக்கு எதிராகப் பேசுகிறவர்கள் நிறையப்பேர், அவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள்.

கலியாணத்திற்கு நாள் வைத்ததும் எழுதுங்கள். வர முடியாது, ஆனால் அன்று லீவு எடுத்துக்கொண்டு நல்ல சட்டை போட்டு இருப்பேன்.

உங்கள் சுகம் நாடும்
பக்கீர்


கல்முனைக்குடி
09.03.1980

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் சுகமே எங்கள் தேவை. வெட்டு முடிந்தது. வெள்ளாமை மோசமில்லை.

உன் விளக்கம் படித்தேன். ஒரு கேள்வி. இறக்காமத்தில் மச்சானின் சிநேகிதர் ஒருவரின் வயலை யானை வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. நல்ல கதிர் என்று யானைக்கும் தெரிந்துதான் தின்றிருக்கிறது. அப்படியானால் அந்த நன்மை நெல்லுக்கா, யானைக்கா, வயல்காரனுக்கா? யாருக்கு நல்லது என்று உன் புத்தகம் சொல்கிறதா?

கலியாணம் கொஞ்சம் தள்ளிப் போகிறது. அவர்கள் வீட்டில் ஏதோ வசதிக் குறைவு. நீ யோசிக்காதே.

நீ போவதற்கு முன் ஒரு சஞ்சிகையில் எழுதின கட்டுரை இங்கே கை மாறி மாறிப் போகிறது. "நன்மையை அறிய வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, மனிதரைப் பார்த்தால் போதும்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைச் சிலர் கேட்கிறார்கள். நீ என்ன படிக்கிறாய் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி அனுப்பு. நாலு பேருக்குக் காட்டலாம். முடிவில் எல்லாம் அல்லாஹ்வின் படைப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடு. ஒரே ஒரு வரிதானே.

ஜெமீலா ஸலாம் சொன்னாள். இந்த நாட்களில் தையல் மெஷினில் அதிகம் உட்காருவதில்லை.

உன்
ராத்தா


லீட்ஸ்
02.04.1980

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். இங்கே வெயில் காட்டத் தொடங்கியிருக்கிறது. நான் நலம். உங்கள் கால் வீக்கம் எப்படி? அதைப் பற்றி மூன்று கடிதமாக எழுதவில்லை.

உங்கள் யானையை என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். நரைத்த மனிதர், சிரிப்பது அபூர்வம். கதிரையில் சாய்ந்து சிரித்துவிட்டு, "இதற்கு நீ பதில் எழுதாவிட்டால் உன் இரண்டாம் அத்தியாயத்தை யானை தின்றுவிடும்" என்றார். இப்போது அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரி மட்டும் நீங்கள் கேட்டபடி இல்லை. கோபிக்காதீர்கள். நான் தொழுகிறேன், நோன்பு பிடிக்கிறேன், அது உங்களுக்குத் தெரியும். என் ஈமான் என் தொழுகைப் பாயில் இருக்கிறது. ஆனால் ஒரு வாதத்தால் நான் வந்து சேராத முடிவை, அந்த வாதத்தின் அடியில் முத்திரை குத்துவதுபோல வைக்க மாட்டேன். அப்படி வைத்தால் நம்பிக்கையுள்ளவர்கள் மேலே உள்ளதைப் படிக்காமலே புகழ்வார்கள். இல்லாதவர்கள் படிக்காமலே தூக்கிப்போடுவார்கள். அதனால் "இதற்கு மேல் எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்" என்று முடித்திருக்கிறேன். அதுதான் உண்மை.

வசதிக் குறைவு என்றால் என்ன? விபரம் எழுதுங்கள்.

அன்புடன்
பக்கீர்


கல்முனைக்குடி
11.06.1980

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள்.

உன் தாள் கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சான் அதைப் பள்ளியில் வாசித்தார். எல்லோரும் இருந்து கேட்டார்களாம். முடிந்ததும் மீராமுகைதீன் மரைக்கார் எழுந்து நின்று, "இப்பிடி ஒரு புள்ள எங்கட ஊருல பொறந்ததுக்கு நாங்க பெருமப்படணும்" என்று சொன்னாராம். முடிவு வரிகள்தான் எல்லோருக்கும் பிடித்தது.

அடுத்த நாளே மரைக்கார் ஒரு வாழைக்குலையும் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள் கலியாணம். ஜெமீலா விடியக் கிணற்றடியில் பாடிக்கொண்டு உடுப்புக் கழுவுகிறாள்.

வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை. அடுப்பில் சோறு.

ராத்தா


லீட்ஸ்
06.10.1980

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். மச்சானின் முதுகுவலி எப்படி? கலியாணப் படம் வந்து சேர்ந்தது. மேசையில் வைத்திருக்கிறேன். ஜெமீலா கமராவைப் பார்க்காமல் காலிதீனின் காதைப் பார்க்கிறாள். என் சக மாணவன் ஒருவன் "இது யார்?" என்று கேட்டான். "நான் தூக்கி வளர்த்த பிள்ளை" என்றேன். படத்தைத் துடைத்துத் திரும்பவும் மேசையில் வைத்தேன்.

மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. கடவுளைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு மனிதனும் நன்மையை நன்மை என்று அறிந்துகொள்ளலாம் என்பதுதான் அதில் என் வாதம். அதற்குப் பெரிய பாராட்டு.

ஒரு விஷயம் விளங்கவில்லை. "எனக்கு இன்னும் தெரியாது" என்று நான் முடித்தது ஊரில் எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரா அது? அப்படியானால் ஊரை நான்தான் பிழையாக நினைத்திருக்கிறேன். மரைக்காரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
பக்கீர்


லீட்ஸ்
18.02.1981

ராத்தாவுக்கு,

ஸலாம். அங்கே எல்லோரும் நலமென நம்புகிறேன். என் ஒக்டோபர்க் கடிதத்திற்குப் பதில் வரவில்லை.

என் நண்பர் கனகசபாபதியை உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் என் அறையைப் பகிர்ந்து கொண்டவர், ஒருமுறை நம் வீட்டுக்கு வந்து நண்டுக்கறி சாப்பிட்டவர். அவர் ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறார். நம் பள்ளி வெளியிட்ட மீலாத் விழா மலரில் என் பெயர் போட்டு என் தாள் அச்சாகியிருக்கிறது. அதன் முடிவு இப்படி இருக்கிறது:

"இயற்கை என்று நாம் சொல்வதெல்லாம் அல்லாஹ் படைத்ததே. நெல்லுக்குள் நன்மையை வைத்தவனும் அவனே, மனிதனுக்குள் வைத்தவனும் அவனே. இதை அறியாதவன் நன்மையை அறியமாட்டான், அவன் படித்தது படிப்பும் ஆகாது. இதுவே என் ஆய்வின் முடிவு."

இந்த நான்கு வரிகளும் என்னுடையவை அல்ல.

மலர் கண்டியில் என் துறை வரைக்கும் போயிருக்கிறது. என் பெயர் சிரேஷ்ட விரிவுரையாளர் பதவி உயர்வுக்கு இப்போது தெரிவுக்குழுவின் முன் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று எழுதி, ஊருக்குத் தமிழில் அதற்கு நேர்மாறாக எழுதுகிறவனை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

ராத்தா, அதை எழுதியது யார்?

பக்கீர்


கல்முனைக்குடி
10.03.1981

என் தம்பிக்கு,

ஸலாம். எங்கள் சுகத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில். நான்தான் எழுதினேன். மச்சானுக்கும் தெரியாது.

போன வருடம் மாசியில் வெட்டு நடக்கிற நேரம், மீராமுகைதீன் மரைக்கார் உன் கட்டுரை வந்த சஞ்சிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றே மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மீராசா, நன்மைய அறிய வானத்தப் பாக்கத் தேவல்ல எண்டு ஒங்கட மச்சினன் எழுதிரிக்கார். பள்ளியில மத்த மரைக்கார்மார் என்னக் கேக்காங்க. நான் என்ட மகன இந்த ஊட்டுக்கு அனுப்பினா, நாளைக்குப் புள்ளைகளும் இப்பிடிக் கதைக்காதா?"

"அவன் அஞ்சு நேரமும் தொழுற பொடியன் மரைக்கார்."

"தொழுறத யாரு கண்ட? எழுதினத ஊரே கண்டிரிக்கி. இந்தப் பேச்ச விடுவம்."

அத்தோடு போய்விட்டார். உனக்கு "வசதிக் குறைவு" என்று எழுதியது இதைத்தான்.

ஜெமீலா அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. மூன்று நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "சாப்புடு புள்ள" என்றேன். "உம்மா, மாமா எழுதினதுல என்ன பிழ?" என்று கேட்டாள். நான் அவளுடைய சோற்றில் கறியை ஊற்றினேன். அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாள். என் மகள் உன்னை வெறுத்துவிடுவாளோ என்றுதான், தம்பி, நான் அதிகம் பயந்தேன்.

உன் தாள் வந்தது. உன் எழுத்து மச்சானுக்கு வாசிக்கக் கஷ்டம், அதனால் நான் பிரதி எடுத்தேன். கடைசிக்கு வந்தேன். "இதற்கு மேல் எனக்கு இன்னும் தெரியாது." இதைப் பள்ளிக்குள் வாசித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியையும் விட்டேன். வேறு நான்கு எழுதினேன். நீ சின்னவனாக இருக்கும்போது உனக்குப் பதிலாக வாப்பாவிடம் நான் பொய் சொன்னதுபோல, சுகமாக வந்துவிட்டது.

அது அச்சாகும் என்று நினைக்கவில்லை. அச்சானபோதும் உனக்குச் சொல்லவில்லை. ஒக்டோபரில் நீ கேட்டாய், எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். பிழைதான். ஜெமீலா இப்போது சிரிக்கிறாள், காலிதீன் அவளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அதைப் பார்க்கும்போது அந்தப் பிழையைத் திரும்பவும் செய்வேன் என்றுதான் மனம் சொல்கிறது. இதையும் மறைத்தால் நான் உனக்கு ராத்தா இல்லை.

கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லு. "என் ராத்தா எழுதினா" என்று எழுது. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

ஸைனம்பு


கல்முனைக்குடி
02.09.1981

என் தம்பிக்கு,

ஸலாம். நீ எழுதி ஆறு மாதம் கழிந்துவிட்டது. தபால்காரர் நம் வாசலைக் கடக்கும்போது சைக்கிள் மணி அடித்துவிடாமல் பிடித்துக்கொண்டு போகிறார், பாவம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஜெமீலாவுக்கு ஏழு மாதம். உன் நெஞ்சு எப்படி என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்.

நீ எழுதாததால் காலிதீனைக் கொண்டு கனகசபாபதி ஐயாவுக்கு ஒரு கடிதம் போடச் சொன்னேன். அவருடைய பதிலில்தான் தெரிந்தது. "அந்தத் தாளுக்கு நானே பொறுப்பு" என்று ஒரு வரி மட்டும் நீ அனுப்பினாய் என்றும், பதவி வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்றும். உண்மையைச் சொல்லு என்று நான் எழுதவில்லையா?

அன்று காலிதீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "மாமி, வாப்பாட்ட நான் செல்றன். நீங்க போகாதீங்க." "இல்ல மகன். செஞ்ச நான்தான் செல்லணும்" என்றேன். மச்சானும் கூடவே வந்தார்.

மரைக்கார் வாசலில் ஆட்களோடு இருந்தார். அவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கலாம். துணிவு போய்விடும் என்று அப்படியே சொல்லிவிட்டேன். அவருடைய முகம் கறுத்துப்போனது.

"அப்ப நான் பள்ளிக்குள்ள எழும்பி நிண்டு புகழ்ந்தது பக்கீரையில்ல, ஒங்களயா?"

"ஓம்."

"நாலு பேருக்கு முன்னால என்னப் பகிடி பண்ணிப்போட்டீங்க. இனி ஒங்கட வாசல் மிதிக்கமாட்டன்."

காலிதீனைத் தன் வீட்டோடு வந்து இருக்கக் கூப்பிட்டிருக்கிறார். "நான் கலியாணம் முடிச்சது தாளையில்ல வாப்பா, ஜெமீலாவ" என்று சொல்லிவிட்டு இவர் இங்கேயே வந்துவிட்டார். வாப்பாவும் மகனும் ஒரே பள்ளியில் தொழுகிறார்கள், கதைப்பதில்லை.

அது முடிந்தது. மிச்சத்தையும் முடிக்க வேண்டும் என்று காலிதீனோடு கண்டி பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு அங்கால் நான் போனதில்லை என்று உனக்குத் தெரியும். மலை வளைவில் பஸ் யன்னலால் தலையை நீட்டி மூன்று தடவை சத்தி எடுத்தேன். கனகசபாபதி ஐயா பஸ் நிலையத்தில் நின்று, துறைத் தலைவரிடம் கூட்டிப்போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஐயாதான் இரண்டு பக்கமும் சொன்னார்.

"அந்த நாலு வரியும் நான் எழுதினது சேர். என்ட தம்பி எழுதமாட்டன் எண்டு கடிதம் போட்டிரிக்கான். அந்தக் கடிதம் இந்தா இரிக்கி."

அவர் கடிதத்தை வாங்கி ஐயாவை வாசிக்கச் சொன்னார். பிறகு, இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை, எழுதி அனுப்பியிருக்கலாமே என்றார்.

"எழுதித்தானே சேர் இந்தப் பாடு. அதுதான் வாயால செல்ல வந்த."

அவர் சிரித்தார். "ஆனால் உங்கள் தம்பி, தானே பொறுப்பு என்று எழுதியிருக்கிறாரே?"

"நான் அவனுக்குப் பத்து வயசு மூத்தவ சேர். அவன் எப்ப தொடக்கம் எனக்குப் பொறுப்பு?"

ஐயா இதை மொழிபெயர்க்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார். தலைவர் எழுந்து எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அதுவரை நான் நின்றுகொண்டேதான் கதைத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கொடுத்த பதவியைத் திருப்பி எடுக்க முடியாதாம். ஆனால் நான் சொன்னதை எழுதி உன் கோப்பில் வைப்பதாகச் சொன்னார். என் கையெழுத்தையும் வாங்கினார்.

இதற்கும் நீ பதில் போடாவிட்டால் லீட்ஸுக்கு எந்த பஸ் என்று விசாரிப்பேன்.

ராத்தா


லீட்ஸ்
24.09.1981

என் அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். என் நெஞ்சு சுகம். ஜெமீலா நன்றாகச் சாப்பிட வேண்டும், படி ஏறக்கூடாது. மச்சானுக்கும் காலிதீனுக்கும் என் ஸலாம். இதையெல்லாம் ஆறு மாதத்திற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

முதல் ஒரு மாதம் உங்கள் மேல் கோபம். என் பெயரில், என் வாதத்தையே மறுத்து எழுதியிருக்கிறீர்கள் என்ற கோபம். அது ஆறிய பிறகு வெட்கம். உங்களைக் காட்டிக் கொடுக்கவும் கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது என்று யோசித்து யோசித்து "அந்தத் தாளுக்கு நானே பொறுப்பு" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துதான் எழுதினேன். ஒரு கிழமை அந்த வரியை நினைத்துப் பெருமைப்பட்டேன். பதவி போன செய்தி வந்ததும், உங்களுக்கு எழுதினால் அதையும் எழுத வேண்டுமே என்று பேனையைத் தொடவில்லை. நீங்கள் எனக்கு மறைத்ததைக் குற்றம் சொல்லிவிட்டு நானும் அதையே செய்தேன்.

நீங்கள் செய்தது பிழை, ராத்தா. அதை மாற்றிச் சொல்லமாட்டேன். நீங்களும் கேட்கமாட்டீர்கள். ஆனால் மூன்று தடவை சத்தி எடுத்துக்கொண்டு மலை ஏறிப் போய் ஒருவர் அதைச் சொன்னதை என் ஆய்வில் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைக் கண்டதும் துறைக்கு முழு விபரமும் எழுதிவிட்டேன். பழைய தரத்திலேயே வந்து வேலை செய்யச் சொல்லி அவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். வருகிறேன். ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. மாசியில் வாய்மொழித் தேர்வு, பங்குனியில் ஊர்.

மரைக்காரின் மனம் நோகக் காரணம் நான். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் பஸ்ஸால் இறங்கி நேரே அவரிடம் போவேன். அவர் என் ஈமானைக் கேட்டால் வாயால் பதில் சொல்வேன். கேட்கிறவரைப் பார்த்துச் சொல்வது வேறு, தாளில் எழுதி வாசிக்கக் கொடுப்பது வேறு. சோற்றை மூடி வையுங்கள்.

உங்கள் தம்பி
பக்கீர்


கல்முனைக்குடி
15.04.1982

அன்புத் தம்பி கலாநிதி பக்கீர் முகைதீனுக்கு,

ஸலாம். கண்டியில் சாப்பாடு சரியா? நீ வந்து போன பிறகு வீட்டில் நான் இரண்டு பேருக்குக் கூடவே சமைக்கிறேன்.

நடந்ததை எழுத வேண்டும் என்று நீ பஸ் ஏறின அன்றிலிருந்து நினைத்து இன்றுதான் நேரம் கிடைத்தது. நீ மரைக்காரின் வீட்டுக்குள் போய்க் கதவு சாத்தி இரண்டு மணித்தியாலம் இருந்தாய். தெரு முழுக்கக் காது வைத்துக்கொண்டிருந்தது. வந்ததும் கேட்டேன், "நல்லா இரிக்கார்" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை நீ வாசலில் நின்றாய். அந்த நேரம் பார்த்து அவர் சுபஹ் தொழுதுவிட்டு நம் பாதையால் வந்தார். நீ "வாங்க மரைக்கார், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டதும் வந்துவிட்டார்! எனக்குக் கையில் இருந்த கேத்தல் விழுந்துவிட்டது. அல்லாஹ் எப்படி அவரை அந்த நேரம் அந்தப் பாதையால் அனுப்பினான் என்று இன்னும் ஆச்சரியம்.

நீ போன பிறகு ஒவ்வொரு நாளும் வருகிறார். குழந்தை சரீபாவைத் தூக்கத் தெரியாமல் முதலில் கையை நீட்டி நீட்டி இழுத்தார். ஐந்து மாதப் பிள்ளை, அவருடைய தாடியைப் பிடித்துவிட்டது. நேற்று அவருடைய வெள்ளைச் சாரனில் ஒன்றுக்குப் போய்விட்டது. ஜெமீலா ஓடிப்போய் வாங்கப் பார்த்தாள். "இரிக்கட்டும் புள்ள, காயும்" என்று கொடுக்கவில்லை. காலிதீன் அடுத்த அறையில் நின்று கண்ணைத் துடைத்தார்.

நீ என்ன சொன்னாய் என்று அவரிடமே கேட்டேன். "கேட்டதுக்குப் பதில் செல்லிட்டார்" என்றார். இதற்கு மேல் நான் தோண்டவில்லை. உன் ஈமானைப் பற்றி நீ சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தால் எனக்கும் போதும்.

நெஞ்சுக்கு எண்ணெய் தடவ மறக்காதே.

ராத்தா


கண்டி
19.11.1986

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். நானும் நஸீறாவும் குழந்தையும் நலம். நீங்கள் எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? சண்டையால் பாதை அடைத்திருந்ததால் மீராமுகைதீன் மரைக்காரின் ஜனாசாவுக்கு வந்து சேர முடியவில்லை. அது என் மனதில் கிடக்கிறது. அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடம் கொடுக்கட்டும். காலிதீனுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன்.

நேற்று என்னைப் பேராசிரியராக நியமித்துக் கடிதம் தந்தார்கள். கனகசபாபதிதான் முதலில் கட்டிப்பிடித்தார். "உன் ராத்தா நின்றுகொண்டு கதைத்த கதிரை இன்னும் அந்த அறையில் இருக்கிறது" என்றார். ஊரில் இந்தச் செய்தியை நீங்கள்தான் முதலில் அறிகிறீர்கள்.

மரைக்காருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் இருக்கும்வரை உங்களிடம் சொல்வதில்லை என்று. இப்போது சொல்லலாம்.

அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். விமானத்திலும் பஸ்ஸிலும் யோசித்தவை. அவர் கதவைச் சாத்தினார். தேத்தண்ணி தந்தார். லீட்ஸில் வெள்ளாமை உண்டா என்று கேட்டார். பனியைக் கையில் எடுத்தால் சுடுமா என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க மனிசன் எப்பிடி நடக்கணும் எண்டு படிச்சவராமே. ஒண்டு கேக்கன். வாசல் மிதிக்கமாட்டன் எண்டு ஏழு பேருக்கு முன்னால செல்லிப்போட்டன். பேத்தி பொறந்து நாலு மாசமாச்சி. இன்னும் பாக்கல்ல. இப்ப நான் எப்பிடி வாற?"

என் பதில்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"நாளைக்கு சுபஹ் தொழுதிட்டு எங்கட பாதையால வாங்க" என்றேன். "நான் வாசல்ல நிண்டு கூப்புர்ரன். கூப்பிட்டது ராத்தா இல்ல, நான். அந்த ஊட்டுல நானும் விருந்தாளிதானே."

யோசித்தார். "விருந்தாளி கூப்பிட்டா வராமப் போகேலாது."

"ஓம்."

"நீங்க மறந்திர மாட்டீங்களே?"

"மாட்டன் மரைக்கார்."

அடுத்த ஒரு மணித்தியாலம் அவர் குழந்தையைப் பற்றித்தான் கேட்டார். யாருடைய மூக்கு, இருமல் இருக்கிறதா, இரவில் அழுகிறதா என்று. நானும் அப்போது சரீபாவைப் பார்த்திருக்கவில்லை, அவரிடம்தானே முதலில் போனேன். தெரிந்ததுபோல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூக்கு உங்களுடையது என்றேன்.

அல்லாஹ்வைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை, ராத்தா.

பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்று, தனக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்ததால் ஒருவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எல்லோருக்கும் என் ஸலாம்.

உங்கள் தம்பி
பக்கீர்